தாராவியின் முழுத் தகுதியுள்ள கட்டடம்

மும்பை தாராவியின் குடிசை மறுசீரமைப்புத் திட்டத்துக்கு நூற்றுக்கு நூறு தகுதியுள்ள கட்டடம் ஒன்று உண்டு. காலா கில்லா. பஸ் டெப்போவுக்குத் தன் பெயரைத் தந்துவிட்டு அதன் பின்பக்கம் ஒடுங்கிக் கிடக்கும் கருங்கல் கோட்டை. பம்பாய் கவர்னர் ஜான் ஹார்ன் உத்தரவுப்படி 1737-இல் கட்டியது என்று சுவரிலேயே கல்வெட்டு இருக்கிறது. 2000 ஜனவரி 1-க்கு முன்பே இங்கே இருந்தாயா, சான்று எங்கே என்று அதட்டும் அதிகாரியிடம் இங்கே குடியேறிய எந்தத் திருநெல்வேலிக்காரர் இப்படியொரு சான்றை நீட்ட முடியும்? ரேஷன் கார்டு மழையில் நைந்துபோகும். வாக்காளர் பட்டியலில் முருகன் முருகியாவான். கவர்னர் பெயர் பொறித்த கல்லை எந்த மேசையிலும் தள்ளுபடி செய்ய முடியாது.

ராடார் பிறப்பதற்கு இருநூறு ஆண்டு முந்திய ராடார் நிலையம் அது. மித்தி ஆற்றுக்கு அக்கரையில் போர்ச்சுகீசியரின் சால்செட் தீவு. கோட்டை எழுந்த அதே 1737-இல் சிமாஜி அப்பாவின் மராட்டியப் படை அந்தத் தீவுக்குள் புகுந்தது. இக்கரையில் கிழக்கிந்தியக் கும்பினிக்காரனுக்கு வயிற்றைக் கலக்காமல் இருக்குமா? தாராவியில் ஒரு கண், சயான் குன்றின் மேல் இன்னொரு கண் என்று ஆற்றையே பார்த்துக்கொண்டிருந்தான். எதிரி போனான், கும்பினியும் போனது. சுதந்திர நாடு அந்தக் கோட்டைக்குக் கண்டுபிடித்த மறுபயன்பாடு: குப்பைத்தொட்டி.

ஆனால் வேவு பார்ப்பது மட்டும் நிற்கவில்லை. ராடாரின் பங்காளி லைடார். ரேடியோ அலைக்குப் பதில் லேசர் ஒளியை அனுப்பி அளக்கும். அதை முதுகில் மாட்டிக்கொண்டு, மறுசீரமைப்புக்குக் கணக்கெடுக்கச் சந்து சந்தாக ஆட்கள் வந்தார்கள். தலைக்கு மேல் ட்ரோன் பறந்தது. தகரக் கூரையின் உயரம், சாக்கடையின் அகலம் எல்லாம் துல்லியமாகப் பதிவாகிவிட்டன. இவ்வளவு கூர்மையான கண்ணுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் விதியோ பிறவிக் குருடு. தரைத்தளத்தில் 2000-க்கு முன்பிருந்து குடியிருந்தால் தாராவியிலேயே 350 சதுர அடி, இலவசம். அதன்பின் 2011-க்குள் வந்திருந்தால் இரண்டரை லட்சம் ரூபாய்க்கு 300 சதுர அடி, தாராவிக்கு வெளியே. மாடியில் இருந்தால்? வாடகைக்கோ தவணைக்கோ ஒரு வீடு, அதுவும் வெளியே. இரும்பு ஏணியில் எட்டுப் படி ஏறினால் குடிமகன் அந்நியனாகிவிடுகிறான். கீழ்க்கோலியில், அதாவது கீழ் அறையில், அண்ணன்; மேல்கோலியில் தம்பி. ஒரே தாய் வயிறு, ஒரே தண்ணீர்க் குழாய். தம்பி மட்டும் மூட்டை கட்ட வேண்டும்.

வெளியே என்றால் எங்கே? ஒதுக்கிய நிலங்களில் ஒன்று செம்பூரைத் தாண்டி தேவ்னாரில், 124 ஏக்கர். 1927 முதல் மும்பை தன் குப்பையைக் கொட்டிவரும் மைதானம் அது! மனிதர் வசித்த இடத்தில் கோபுரம், குப்பை வசித்த இடத்தில் மனிதர். தாராவி மறுசீரமைப்பை 2022 நவம்பரில் 5,069 கோடி ரூபாய்க்கு ஏலம் எடுத்த அதானி குழுமத்துக்கு அந்தத் திட்ட நிறுவனத்தில் 80 விழுக்காடு, மாநில அரசுக்கு 20. இதற்குப் பெயர் கூட்டு முயற்சி.

மாடி ஏறுவது குற்றம் என்றால் தென் மும்பையின் கொலாபா பக்கமும் கொஞ்சம் பாருங்கள். கார்கில் வீரர்கள் பெயரைச் சொல்லி 31 மாடி ஆதர்ஷ் குடியிருப்பு எழுந்தது, ராணுவ நிலையத்தையே மேலிருந்து எட்டிப்பார்க்கும் உயரத்துக்கு. வீடு பெற்றோர் பட்டியலில் அரசியல்வாதிகளின் உறவினர்கள், அதிகாரிகள், முன்னாள் தளபதிகள். 2010-இல் முதலமைச்சர் அசோக் சவான் பதவி விலகினார். 2016-இல் இடிக்கச் சொன்னது மும்பை உயர் நீதிமன்றம். இடிக்காதே என்றது உச்ச நீதிமன்றம். அத்தனை மாடிகளை எழுப்பும்வரை எந்த ராடாரிலும் அது விழவில்லை. எட்டுப் படி ஏணி மட்டும் பளிச்சென்று விழுகிறது.

மாடியில் குடியிருப்பவர்களே, மின்சார பில், வாடகைச் சீட்டு, பிள்ளையின் பள்ளிச் சான்றிதழ், எதையும் எறியாதீர்கள். மாடியும் வீடுதான், எங்களுக்கும் தாராவியிலேயே வீடு வேண்டும் என்று மறுசீரமைப்பு அலுவலகத்தில் எழுதிக் கொடுங்கள். முத்திரை குத்திய நகல் கைக்கு வராமல் அந்த வாசலைவிட்டு நகராதீர்கள்.