இருபத்து நான்காவது பாட்டு: ஒயாசிஸ் செட்லிஸ்ட் பற்றிய ஓர் ஆய்வு

மண்புழுவின் செரிமானம் குறித்து முனைவர் பட்ட ஆய்வுகள் உண்டு. பழைய தபால்தலையின் பசைக்கும் நிபுணர் இருக்கிறார். ஆனால் பதினாறு ஆண்டு பிரிந்திருந்து மறுபடி மேடையேறும் ஒரு ராக் குழு எந்தப் பாட்டைப் பாடவேண்டும், எதை விடவேண்டும், அதாவது அதன் செட்லிஸ்ட் எப்படி அமையவேண்டும் என்ற கேள்வியை அறிவுலகம் இன்றுவரை ரசிகர்கள் கையிலேயே விட்டுவைத்திருக்கிறது. அவர்களோ அதை மதுக்கூடங்களிலும் ரயில் பெட்டிகளிலும் அரங்க வாசல் வரிசைகளிலும் நின்று, உரிய முறையியல் ஏதுமின்றி, தொண்டை வற்ற விவாதித்து வருகிறார்கள். அக்குறையைப் போக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட பொருள் மான்செஸ்டரின் ஒயாசிஸ். 2009 ஆகஸ்ட் 28 அன்று பாரிஸில் ஒரு இசை விழா மேடைக்குப் பின்னால் அண்ணன் நோயல் கேலகருக்கும் தம்பி லியாமுக்கும் மூண்ட சண்டையில் உடைந்த குழு, 2025 ஜூலை 4 அன்று கார்டிஃப் நகரின் பிரின்சிபாலிட்டி ஸ்டேடியத்தில் மறுபடி ஒன்றாக ஏறியது. அங்கே தொடங்கிய பயணம் மான்செஸ்டர் ஹீட்டன் பார்க், லண்டன் வெம்ப்ளி, எடின்பரோ, டப்ளின், வட அமெரிக்கா, தென் கொரியா, டோக்கியோ, ஆஸ்திரேலியா என்று சுற்றி, நவம்பர் 23 அன்று சாவ் பாவ்லோவில் முடிந்தது. மொத்தம் 41 நிகழ்ச்சிகள். ஒவ்வொன்றிலும் 23 பாட்டுகள்.

இங்கேதான் சுவடி ஆய்வாளருக்கு முதல் ஏமாற்றம். ஒரு நூலுக்கு 41 படிகள் கிடைத்தால் பதிப்பாசிரியர் மகிழ்ந்து போவார்: ஒப்பு நோக்கலாம், பாடபேதம் குறிக்கலாம், எது மூலம், எது இடைச்செருகல் என்று இருபது வருடம் சண்டை போடலாம். ஒயாசிஸின் 41 படிகளில் பாடபேதமே இல்லை. கார்டிஃபில் 'ஹலோ'வில் தொடங்கி 'ஷாம்பெயின் சூப்பர்நோவா'வில் முடிந்த அதே வரிசை, சாவ் பாவ்லோவிலும் அப்படியே நின்றது. முப்பது ஆண்டுகள் மேடையில் இருந்த அமெரிக்கக் குழு கிரேட்ஃபுல் டெட், ஒரு இரவு பாடியதை மறு இரவு அதே வரிசையில் பாடாது. அதனால் அதன் ரசிகர்கள் எந்த இரவில் எந்தப் பாட்டு வந்தது என்று 'டெட்பேஸ்' என்ற பெயரில் தடித்த நூல்களே தொகுத்தார்கள். ஒயாசிஸின் பயணத்துக்கு அப்படி ஒரு நூல் போட்டால் ஒரு பக்கம் போதும். மீதி நாற்பது பக்கத்திலும் 'மேற்படி' என்று அச்சிடலாம்.

முதல் இரவே விடை தெரிந்துவிட்டால் விவாதம் அடங்கிவிடும் என்று ஒரு கருதுகோள் இருந்தது. அது பொய்த்தது. கார்டிஃபுக்கு முன்பு 'எதைப் பாடுவார்கள்' என்று பேசியவர்கள், கார்டிஃபுக்குப் பின்பு 'எதைப் பாடியிருக்க வேண்டும்' என்று பேசினார்கள். குரல் இன்னும் உரத்துத்தான் இருந்தது.

இனி சான்றுகளைப் பகுத்துப் பார்க்கலாம். 23 பாட்டுகளில் 6, 1994-இல் வந்த முதல் ஆல்பமான 'டெஃபினிட்லி மேபீ'யைச் சேர்ந்தவை. 8 அடுத்த ஆண்டின் 'மார்னிங் குளோரி'யிலிருந்து வந்தவை. எந்த ஆல்பத்திலும் சேராமல் 1994 டிசம்பரில் தனியே வந்த 'வாட்எவர்' ஒன்று. சிங்கிள் தட்டுகளின் மறுபக்கத்தில் ஏறிய பி-சைட் பாட்டுகள் 5. 1997-இன் 'பீ ஹியர் நவ்'வுக்கு 2, 2002-இன் 'ஹீதன் கெமிஸ்ட்ரி'க்கு 1. கூட்டிப் பார்த்தால் ஓர் உண்மை மேலே வரும்: 23-இல் 20 பாட்டுகள் 1994, 1995 என்ற இரண்டே ஆண்டுகளில் வெளிவந்தவை. 1991 முதல் 2009 வரை வாழ்ந்த ஒரு குழு, தன் வாழ்நாள் என்று மேடையில் ஒப்புக்கொள்வது ஏறத்தாழ பத்தொன்பது மாதங்களை. 2000, 2005, 2008 ஆகிய ஆண்டுகளில் வந்த மூன்று ஆல்பங்களுக்குப் பட்டியலில் இடமே இல்லை. 2000-ஆம் ஆண்டு ஆல்பத்துக்கு மட்டும் ஒரு சலுகை: அதன் முதல் தடமான, குடும்பப் பத்திரிகையில் அச்சிடத் தகாத பெயர் கொண்ட இசைத்துண்டு, குழு மேடைக்கு வரும்போது ஒலிநாடாவில் ஓடியது. ஒரு ஆல்பம் முழுவதும் வாயில்காப்போனாகப் பணியமர்த்தப்பட்டதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைப்பது கடினம்.

ரசிகர்களை மூன்று பள்ளிகளாகப் பிரிப்பது வசதி. முதலாவது தரவரிசைப் பள்ளி. நாட்டின் முதலிடத்தைத் தொட்ட பாட்டுக்கு மேடையில் உரிமை உண்டு என்பது இவர்கள் கொள்கை. கேட்பதற்கு நியாயமாகவே இருக்கிறது. ஆனால் பிரிட்டிஷ் தரவரிசையில் ஒயாசிஸ் முதலிடம் பிடித்த 8 சிங்கிள்களில் 'சம் மைட் சே', 'டோன்ட் லுக் பேக் இன் ஆங்கர்', 'டு யூ நோ வாட் ஐ மீன்?' ஆகிய 3 மட்டுமே பட்டியலில் உள்ளன. 'ஆல் அரவுண்ட் த வேர்ல்ட்', 'கோ லெட் இட் அவுட்', 'த இந்து டைம்ஸ்' (சென்னை வாசகருக்குச் சட்டென நினைவு வரும் நாளிதழுக்கும் இதற்கும் உறவில்லை), 'லைலா', 'த இம்பார்ட்டன்ஸ் ஆஃப் பீயிங் ஐடில்' ஆகிய ஐந்தும் வெளியே. முதலிடம் பெறாத 'வொண்டர்வால்' உள்ளே. பத்தாம் இடத்தோடு நின்ற 'லிவ் ஃபாரெவர்' உள்ளே. 1995 ஆகஸ்டில் ப்ளர் குழுவின் 'கன்ட்ரி ஹவுஸ்' பாட்டோடு ஒரே நாளில் கடைக்கு வந்து, நாடே செய்தியில் பார்க்கத் தோற்ற 'ரோல் வித் இட்'கூட உள்ளே. வென்றவை வெளியே நிற்க, தோற்றது ஒவ்வொரு இரவும் பாடப்படுகிறது. தரவரிசைப் பள்ளியினர் இந்த இடத்தில் பேச்சை மாற்றுவார்கள்.

இரண்டாவது, மறுபக்கப் பள்ளி. யாருக்கும் தெரியாத பாட்டே உயர்ந்த பாட்டு என்பது இவர்கள் சித்தாந்தம். விசித்திரம் என்னவென்றால், இவர்களே வென்றார்கள். 'அக்வியெஸ்', 'ஃபேட் அவே', 'டாக் டுநைட்', 'ஹாஃப் த வேர்ல்ட் அவே', 'த மாஸ்டர்பிளான்' என ஐந்து பி-சைடுகள் பட்டியலில் ஏறின. முதலிடப் பாட்டுகள் ஐந்து போயின, மறுபக்கப் பாட்டுகள் ஐந்து வந்தன. இப்படி ஒன்றுக்கு ஒன்று சரியாகப் பொருந்தும் கணக்கு எந்தப் போலி ஆய்வாளருக்கும் வாழ்நாளில் ஒரு முறைதான் வாய்க்கும்.

ஆனால் வெற்றி அவர்களைச் சங்கடத்தில் தள்ளியது. 'ஹாஃப் த வேர்ல்ட் அவே' பிரிட்டனில் 1998-இல் தொடங்கிய 'த ராயல் ஃபேமிலி' என்ற தொலைக்காட்சித் தொடரின் முகப்புப் பாட்டு, பாட்டிமார்களும் அறிந்தது. 'அக்வியெஸ்' வந்தால் ஸ்டேடியமே சேர்ந்து கத்துகிறது. பல்லாயிரம் பேர் ஒரே குரலில் பாடும் ஒன்றை அரிய பாட்டு என்று எப்படி வாதிடுவது? எனவே இப்பள்ளியினர் பாசறையை நகர்த்திக்கொண்டார்கள். இப்போது அவர்கள் கேட்பது 'ராக்கிங் சேர்'. அதுவும் பட்டியலில் ஏறினால் வேறொன்றைத் தோண்டி எடுப்பார்கள் என்பதில் இக்கட்டுரையாளருக்கு ஐயமில்லை.

மூன்றாவது பள்ளிக்குப் பெயரில்லை, கொள்கையும் இல்லை. எண்ணிக்கை மட்டும் உண்டு. இவர்கள் ஒரே ஒரு இரவுக்கு டிக்கெட் வாங்கியவர்கள். 2024 ஆகஸ்ட் இறுதியில் விற்பனை திறந்தபோது, 150 பவுண்ட் அளவில் இருந்த நின்று பார்க்கும் டிக்கெட் 350-ஐத் தாண்டியது. நாடாளுமன்றம் வரை பேச்சு போனது. அந்த விலை கொடுத்தவரிடம் "இன்றைக்கு 'வொண்டர்வால்' கிடையாது, அதற்குப் பதில் 2008 ஆல்பத்திலிருந்து மூன்று" என்று சொல்லிப் பார்க்க யாருக்கும் துணிவில்லை. லியாமே ஒரு காலத்தில் அந்தப் பாட்டின் மேல் சலிப்பை வெளிப்படையாகக் கொட்டியவர்தான். இருந்தும் 41 இரவும் பாடினார். வரிசை மாறாததற்கும் காரணம் இதுவே: கார்டிஃப்காரர் பார்த்ததையே சாவ் பாவ்லோக்காரரும் பார்க்கக் காசு கொடுத்திருக்கிறார். தவிர, ஒளி, திரைக்காட்சி எல்லாமே பாட்டுக்குப் பாட்டு முன்கூட்டி அமைக்கப்படும் ஸ்டேடியத்தில், நடுவில் ஒன்றை மாற்றினால் நாற்பது பேர் வேலை மாறும்.

இம்மூன்று பள்ளிகளுக்கும் பொதுவான ஒரு விதியை இவ்வாய்வு கண்டறிந்துள்ளது. அது வருமாறு: சேர்க்கச் சொல்பவர் நீக்கச் சொல்லார்.

கல்யாண மண்டபத்தில் ஐந்நூறு இருக்கைதான் என்று தெரிந்தும், பத்திரிகை வைக்கும் பட்டியலில் பெரியப்பா ஒரு பெயர், சித்தி நான்கு பெயர் என்று எழுதச் சொல்லிக்கொண்டே போவார்களே தவிர, யாரை அடிக்கலாம் என்று எவரும் வாய் திறக்கமாட்டார்கள். செட்லிஸ்ட் விவாதமும் அப்படியே. எந்த ரசிகரைக் கேட்டாலும் முப்பது பாட்டு சொல்கிறார். மேடைக்கு உள்ளதோ இரண்டு மணி நேரம். அதற்குமேல் நகராட்சி ஒலிக்கு விதித்த நேர எல்லை. 'ஆல் அரவுண்ட் த வேர்ல்ட்' கேட்பவர்கள், ஆல்பத்தில் அது 9 நிமிடத்துக்கு மேல் ஓடுகிறது என்பதை மறந்துவிடுகிறார்கள். அதை உள்ளே விடவேண்டுமானால் நான்கு நிமிடப் பாட்டுகள் இரண்டு வெளியேற வேண்டும். எந்த இரண்டு என்று கேட்டால் பதில் சொல்பவர் 'ரோல் வித் இட்'டைக் காட்டுவார். பக்கத்தில் நிற்பவர் கோபித்துக்கொண்டு, தான் ஒயாசிஸை முதன்முதலில் கேட்டதே அந்தப் பாட்டில்தான் என்பார். உரையாடல் அங்கே பாட்டை விட்டு அவர் பள்ளிப் பருவத்துக்குப் போய்விடும். உற்றுப் பார்த்தால் விவாதம் முழுவதுமே அதுதான்: 1995-இல் பதினைந்து வயதாக இருந்தவருக்கும் 2005-இல் பதினைந்து வயதாக இருந்தவருக்கும் இடையே, எந்த வாசல் வழியாக உள்ளே வந்தவர் மூத்தவர் என்ற வழக்கு. 'லைலா' கேட்பவர் தன் வாசலை ஒப்புக்கொள்ளச் சொல்கிறார்.

இவ்விதி ஒயாசிஸுக்கு மட்டுமானதல்ல என்பதை நிறுவ வேறு இரு சான்றுகள். 2007 டிசம்பர் 10 அன்று லண்டன் ஓ2 அரங்கில் லெட் செப்பலின் குழு ஒரே ஓர் இரவு மறுபடி கூடியது. ஒற்றைச் சுவடி, படிகள் இல்லை. டிக்கெட்டுக்கு 2 கோடிக் கோரிக்கைகள் என்று கின்னஸ் பதிவு சொல்கிறது. பாடியது 16. 'இமிக்ரன்ட் சாங்' இல்லை. ஆனால் 1976-இன் 'ஃபார் யுவர் லைஃப்' இருந்தது. குழு உயிரோடு இருந்த காலத்தில் மேடையில் முழுதாகப் பாடாத பாட்டு அது. 'ஸ்டேர்வே டு ஹெவன்' கடைசியில் வரும் என்று காத்திருந்தவர்களுக்கு அது பதினோராவதாகவே வந்துபோயிற்று. 59 வயது ராபர்ட் ப்ளான்டின் குரலுக்காகப் பல பாட்டுகளில் சுருதியை இறக்கிக்கொண்டார்கள். பட்டியலைத் தீர்மானிப்பதில் ரசிகர் ஆசையைவிடப் பாடகர் தொண்டைக்கு அதிகாரம் கூடுதல் என்பதை நம் துறை இன்னும் முழுதாக உள்வாங்கவில்லை.

இரண்டாவது, ஒயாசிஸ் கார்டிஃபில் ஏறிய மறுநாள், 2025 ஜூலை 5, பர்மிங்காம் வில்லா பார்க்கில் நடந்தது. பிளாக் சபாத்தின் ஆதி நால்வர் இருபது ஆண்டுக்குப் பின் கூடிய கடைசி நிகழ்ச்சி. பாடியது நான்கே பாட்டு: 'வார் பிக்ஸ்', 'என்.ஐ.பி.', 'அயர்ன் மேன்', 'பேரனாய்ட்'. நான்குமே 1970 என்ற ஒரே ஆண்டில் வந்த இரு ஆல்பங்களைச் சேர்ந்தவை. பாடகர் ஆஸி ஆஸ்பர்ன் எழுந்து நிற்க முடியாமல் சிம்மாசனத்தில் அமர்ந்து பாடினார். பதினேழு நாள் கழித்து, ஜூலை 22 அன்று இறந்தார். நான்கு பாட்டு போதாது என்று அன்று அரங்கில் இருந்தவர் யாரும் வழக்கு வைத்ததாகத் தெரியவில்லை. விதிக்கு விலக்கு உண்டு என்று குறித்துக்கொண்டு மேலே செல்வோம்.

மறுபக்கப் பள்ளியினர் அடிக்கடி மேற்கோள் காட்டும் மூலநூல் ஒன்றைப் பற்றியும் சொல்லவேண்டும். 1996 ஆகஸ்ட் 10, 11 தேதிகளில் நெப்வொர்த் பூங்காவில் ஒயாசிஸ் பாடியது; இரவுக்கு 1,25,000 பேர். அந்தச் செட்லிஸ்ட்தான் தூய பாடம், 2025-இல் வந்தது சிதைவு என்பது அவர்கள் வாதம். அதில் 'கொலம்பியா' இருந்தது, இப்போது இல்லை. பீட்டில்ஸின் 'ஐ ஆம் த வால்ரஸ்' இருந்தது, இப்போது இல்லை. எல்லாம் சரி. ஆனால் அதே நெப்வொர்த்தில், அடுத்த ஆண்டுதான் தட்டில் வரப்போகிற இரண்டு புதுப் பாட்டுகளும் பாடப்பட்டன. கூட்டத்தில் பெரும்பாலோர் அவற்றை அதற்குமுன் கேட்டிருக்க வாய்ப்பில்லை. 2025-இல் அப்படி ஒரு புதுப் பாட்டைக் குழு எடுத்துவிட்டிருந்தால், நெப்வொர்த்தைப் புனிதமாக்கும் இதே பள்ளியினர்தான் பியர் வரிசையில் முதலில் நின்றிருப்பார்கள்.

எஞ்சியிருப்பது ஒரு புதிர். 23 பாட்டுகளில் 2000-க்குப் பின் வந்தது ஒன்றே ஒன்று: 'லிட்டில் பை லிட்டில்'. 2002-இல் இரண்டாம் இடம் வரை போன பாட்டு. அதே ஆல்பத்தில் முதலிடம் பிடித்த 'த இந்து டைம்ஸ்' இருக்க, இது ஏன்? தரவரிசைப் பள்ளியால் விளக்க முடியவில்லை. பி-சைட் அல்ல என்பதால் மறுபக்கப் பள்ளிக்கும் இதில் அக்கறையில்லை. பிற்கால ஆல்பங்களின் ரசிகர்களைச் சமாதானப்படுத்த விட்ட ஒற்றைத் தூது என்று சிலர் சொல்கிறார்கள். அப்படியானால் தூது மிகச் சிறியது. பட்டியலில் அது நிற்கும் இடத்தைப் பாருங்கள். 'டாக் டுநைட்', 'ஹாஃப் த வேர்ல்ட் அவே', அதன்பின் இது; மூன்றும் அடுத்தடுத்து, மூன்றையும் பாடுவது நோயல். அதற்கடுத்து, ஆல்பத்தில் ஏழு நிமிடத்துக்கு மேல் நீளும் 'டு யூ நோ வாட் ஐ மீன்?' பாட லியாம் திரும்பி வருகிறார். 'த இந்து டைம்ஸ்' லியாம் பாடியது. 'லிட்டில் பை லிட்டில்' நோயல் பாடியது. தம்பி மேடைக்குப் பின்னால் போய்த் தண்ணீர் குடித்து வர அண்ணனுக்கு மூன்றாவதாக ஒரு பாட்டு வேண்டியிருந்தது என்பதே இவ்வாய்வின் முடிபு. அதை இக்கட்டுரையாளர் மூன்று பள்ளியினரிடமும் எடுத்துச் சொன்னார். மூவரும் முதன்முறையாக ஒருமித்து மறுத்தார்கள்.