வோல்டமார்ட்டை வென்றவருக்கு ஃபைல் பாக்கி

1980 ஜூலை 31-இல் பிறந்த ஹாரி பாட்டர், 1998 மே 2-ஆம் தேதி கொடிய மந்திரவாதி வோல்டமார்ட்டை ஒழித்துக்கட்டியபோது அவருக்குப் பதினெட்டு நிறையவில்லை. ஓட்டுப் போடவே வயசு பத்தாது, உலகத்தைக் காப்பாற்றியாகிவிட்டது. மிச்சமிருக்கும் ஐம்பது அறுபது வருஷம் மனுஷன் என்னதான் செய்வார்?

இதற்குப் பதிலாக 2016-இல் லண்டன் பாலஸ் தியேட்டரில் ஒரு நாடகமே போட்டார்கள். 'ஹாரி பாட்டர் அண்ட் த கர்ஸ்டு சைல்டு'. எழுதியவர் ஜாக் தார்ன். புத்தகமாகவும் வந்தது. குழந்தைகள் படிக்கிறார்களோ இல்லையோ, குடும்பஸ்தர்கள் கட்டாயம் படிக்க வேண்டும். நாற்பதைத் தொட்ட ஹாரி, மாயாஜால அமைச்சகத்தில் சட்ட அமலாக்கத் துறைக்குத் தலைவர். மேஜை கொள்ளாத காகிதக் குவியல். கூடப் படித்த தோழி ஹெர்மயனி இப்போது அமைச்சர். வீட்டுப்பாடம் எழுதினாயா என்று அன்றைக்குக் குடைந்தவள், ஃபைல் பார்த்தாயா என்று இன்றைக்குக் குடைகிறாள்.

இந்த இடத்தில் எனக்குக் கண் கலங்கிவிட்டது. எங்கள் பீரோவில் வீட்டு வரி ரசீது, கேஸ் புத்தகம், காலாவதியான வாரண்டி கார்டு எல்லாம் ஒரே மஞ்சள் பையில் கூட்டுக்குடித்தனம் நடத்துகின்றன. கேட்டதை அதிலிருந்து எடுத்துக் கொடுக்க எனக்குத் தெரிந்த மந்திரம் ஒன்றும் கிடையாது. இத்தனைக்கும் நானும் பதினேழு வயதில் வீரன்தான். மாவட்டக் கட்டுரைப் போட்டியில் இரண்டாம் பரிசு. எவர்சில்வர் டிபன் பாக்ஸ், மூடியில் பெயர் வெட்டியது. இப்போது அதில் புளி இருக்கிறது. என் பெயரின் முதல் இரண்டு எழுத்து மட்டும் இன்னும் தேயவில்லை.

நாடகத்தின் உச்சம் மாயச் சண்டை எதுவும் இல்லை, ஒரு போர்வை. ஹாரி மூத்தவனுக்குத் தன் மாய அங்கியையே தூக்கிக் கொடுத்துவிடுகிறார், போர்த்தினால் ஆளே தெரியாது. மகளுக்குச் சிறகு. நடுப்பிள்ளை ஆல்பஸுக்கு, தன்னைக் குழந்தையாகப் போர்த்தியிருந்த பழைய கம்பளி! அப்பாவுக்கு அது உயிர். பையனுக்கு அது கந்தல். பேச்சு முற்றி, சில சமயம் நீ என் பிள்ளையாகவே இல்லாதிருந்தால் தேவலை என்று சொல்லிவிடுகிறார் ஹாரி. நான் அப்படியெல்லாம் பேசமாட்டேன். பண்பு என்று நினைக்க வேண்டாம், வைஃபை பாஸ்வேர்டு மகன் கையில் இருக்கிறது. ஒருநாள் அந்த டிபன் பாக்ஸின் வரலாற்றை அவனுக்கு விரிவாகச் சொன்னேன். முழுசும் கேட்டுவிட்டு, "முதல் பரிசு யாருக்குப்பா?" என்றான்.

ஹாரியின் நண்பர் ரான் கதை சின்னது. பன்னிரண்டு வயதில் ராட்சதச் சதுரங்கத்தில் ஜெயித்தவர், பிள்ளை குட்டி பெற்ற பிறகு லைசென்ஸ் பரீட்சையில் பக்கக் கண்ணாடியைப் பார்க்க மறந்து, பரீட்சை வைத்தவரை மந்திரம் போட்டுக் குழப்பித்தான் தேறியிருக்கிறார். எட்டு போடப் போய்க் காலை ஊன்றியவர்களுக்குத்தான் அந்த மந்திரத்தின் அருமை புரியும்.

இவர்களுக்கெல்லாம் மூத்தவர் நார்னியாவின் பீட்டர். சி.எஸ். லூயிஸ் 1950-இல் அவரை அலமாரி வழியாக அனுப்பி, மாமன்னராக்கி, வருஷக்கணக்கில் ஆளவிட்டு, மறுபடி பள்ளிக்கூடப் பையனாக அதே அலமாரி வழியாக வெளியே தள்ளினார். 1952-இல் வந்த புத்தகத்தில் தம்பியும் கடைசித் தங்கையும் கப்பலேறிக் கடல் தாண்டிக்கொண்டிருக்க, அண்ணன் லீவு முழுக்க ஒரு பேராசிரியர் வீட்டில் பரீட்சைக்குப் படிக்கிறார். "ராஜாவுக்கே டியூஷனா!" என்று மகன் சிரித்தான். பத்தாம் வகுப்பு முழுப்பரீட்சை நெருங்குகிற வேளையில் இதைச் சொல்லியிருக்கக் கூடாதோ என்னவோ.

மாவீரர்கள் கதியே இதுதான், என்னை மட்டும் ஏன் குறை சொல்கிறாய் என்று மனைவியிடம் புத்தகத்தை நீட்டினேன். அடுப்பைச் சிம்மில் வைத்துவிட்டு ரெண்டு பக்கம் படித்தாள்.

"ஹெர்மயனி பாவம்ங்க. நாட்டையும் பாத்துக்கிட்டு இவரு மேஜையையும் பாக்கணும். ஹாரி சம்சாரம் என்ன பண்றாங்க?"

"ஜின்னியா? பத்திரிகையில விளையாட்டுப் பகுதிக்கு எடிட்டர்."

"அப்ப சமையல் யாரு?"

இதோ பார்த்துச் சொல்கிறேன் என்று பக்கங்களைப் புரட்டினேன்.

"நல்லா தேடுங்க. இந்தச் சின்ன வெங்காயத்தை உரிச்சுக்கிட்டே தேடுங்க."