ஐப்பசியைக் கேட்காமல் ஓடிய டிராம்

1895ஆம் ஆண்டு மே 7ஆம் தேதி, இந்தியாவின் முதல் மின்சார டிராம் மெட்ராஸில் ஓடியது. தேதியைக் கவனியுங்கள். கத்திரி வெயில் மண்டையைப் பிளக்கும் வாரம். வானத்தில் பேருக்குக்கூட ஒரு மேகம் இருந்திருக்காது. அந்த வெயிலில் நின்றுகொண்டு, "மழை பெய்தால் இந்த வண்டி என்ன ஆகும்?" என்று எவராவது கேட்டிருந்தால், கையோடு கீழ்ப்பாக்கத்தில் கொண்டுபோய்ச் சேர்த்திருப்பார்கள். அந்த ஆஸ்பத்திரி அப்போதே இருந்தது.

இந்த ஊரின் ஜாதகமே இதுதான். சித்திரையில் திட்டம் போடுவோம், ஐப்பசியில் அது வெளுக்கும். வெள்ளைக்காரன் போட்டாலும் நாம் போட்டாலும் பலன் ஒன்றுதான்.

டிராமுக்கு மின்சாரம் கொடுக்க அன்றைக்கு இரண்டு வழிகள் இருந்தன. தலைக்கு மேலே கம்பி கட்டி, வண்டியின் கூரையிலிருந்து ஒரு கழியை நீட்டி, அந்தக் கம்பியைத் தொட்டபடி ஓட்டுவது ஒன்று. ஃபிராங்க் ஸ்ப்ரேக் என்ற அமெரிக்கர் 1888இலேயே ரிச்மண்ட் நகரில் இதை ஓட்டிக் காட்டி, உலகமே பார்த்துவிட்டது. இன்னொன்று கொஞ்சம் ஒய்யாரமான வழி. தண்டவாளங்களுக்கு நடுவே ரோட்டைத் தோண்டி, நீளமாக ஒரு கால்வாய் கட்டி, அதற்குள் மின்கம்பியைப் பதிப்பது. மேலே ஒரு பிளவு மட்டும் தெரியும். வண்டியின் வயிற்றிலிருந்து தொங்கும் ஒரு கொக்கி அந்தப் பிளவு வழியாக உள்ளே இறங்கி மின்சாரத்தை உறிஞ்சிக்கொள்ளும். ஊர் அழகு கெடாது, கம்பி கண்ணை உறுத்தாது. புடாபெஸ்டில் அப்படி ஒன்று சமர்த்தாக ஓடிக்கொண்டிருந்தது.

மெட்ராஸ் ஒய்யாரத்தைத் தேர்ந்தெடுத்தது.

அதாவது, வடகிழக்குப் பருவமழை வருஷம் தவறாமல் வந்து கதவைத் தட்டும் ஊரில், மேடும் இல்லாமல் சரிவும் இல்லாமல் தட்டையாகக் கிடக்கும் ஊரில், பத்தடி தோண்டினால் தண்ணீர் வரும் கடற்கரை ஊரில், மின்சாரத்தைக் கொண்டுபோய்ப் பள்ளத்தில் படுக்கவைத்தார்கள். மழைக்காலம் வந்தது. தண்ணீர் எங்கே போகும்? பள்ளத்துக்குத்தான் போகும். அதைத் தெரிந்துகொள்ள இங்கிலாந்தில் போய் எஞ்சினியரிங் படிக்க வேண்டியதில்லை. படித்தவர்களுக்குத்தான் தெரியவில்லை. ரோட்டோரம் கடை போட்டிருந்த எந்தக் கிழவியைக் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பாள், ஆனால் அவளிடம் டெண்டர் வாங்கும் வழக்கம் அன்றும் இல்லை.

கால்வாய் நிரம்பியது, வண்டி நின்றது. சில வருஷங்கள் முட்டிமோதிப் பார்த்துவிட்டு, பள்ளத்தை மூடி, ரிச்மண்ட்காரர் சொன்ன மாதிரியே தலைக்கு மேல் கம்பி கட்டினார்கள். முதலில் தொடங்கிய கம்பெனியும் கரையேறவில்லை. பிறகு வந்த கம்பெனி "மெட்ராஸ் எலக்ட்ரிக் டிராம்வேஸ் (1904) லிமிடெட்" என்று தன் பெயருக்குள்ளேயே வருஷத்தைச் சேர்த்துக்கொண்டது. ஓடாத படத்துக்கு இரண்டாம் பாகம் எடுக்கிறவர்கள் இப்படித்தான் நம்பர் போடுவார்கள். ஆச்சரியம், இந்த இரண்டாம் பாகம் அரை நூற்றாண்டு ஓடியது.

லண்டனுக்கு நியாயம் செய்ய வேண்டும். அவர்களும் பிற்பாடு இதே பள்ளத்து முறையை வைத்துக்கொண்டு 1952 வரை நகரின் நடுப்பகுதியில் டிராம் ஓட்டினார்கள். லண்டன் மழை சட்டைக் காலரை நனைக்கும் தூறல். நம் மழை அப்படியா? மூன்றாம் நாள் வீட்டுக்குள் பாத்திரம் மிதக்கும். ஒரே எஞ்சினியரிங், இரண்டு மழை. ஆனாலும் ஒரு பெருமையை விட்டுக்கொடுக்க முடியாது. லண்டனில் முறையான மின்சார டிராம் வந்தது 1901இல். கல்கத்தாவில் 1902 வரை குதிரைதான் டிராமை இழுத்துக்கொண்டிருந்தது. பம்பாய்க்கு 1907. ராஜ்ஜியத்தின் தலைநகரே பின்னால் நிற்க, முதல் ஆளாக ஓடியும் நனைந்தும் காட்டியது நம் மெட்ராஸ். இதில் வேடிக்கை என்னவென்றால், வீட்டில் மின்விளக்கு எரிய இந்த ஊர்க்காரன் இன்னும் பத்து வருஷத்துக்கு மேல் காத்திருக்க வேண்டியிருந்தது. வீட்டில் சிம்னி விளக்கின் புகையில் கண்ணைக் கசக்கிக்கொண்டிருந்தவன், வெளியே வந்து மின்சார வண்டியில் ஏறி ஆபீசுக்குப் போனான்.

1921 வாக்கில் டிராமுக்கு உச்சகட்டம். 97 வண்டிகள், 24 கிலோமீட்டர் தண்டவாளம். துறைமுகம், பாரீஸ் கார்னர், மவுண்ட் ரோடு, பூந்தமல்லி சாலை, தெற்கே மயிலாப்பூர். ஏறுகிறவனுக்கு அவசரம் இருக்கக் கூடாது, அவ்வளவுதான் நிபந்தனை. இதில் மாட்டு வண்டியோடு பங்காளித் தகராறுகள் வேறு. தண்டவாளத்தின் நடுவே மாட்டு வண்டி நின்றால் டிராம் ஒதுங்கிப் போக முடியாது. டிரைவர் மணியை அடித்துக்கொண்டே இருக்க, மாடு அசைபோட்டுக்கொண்டே இருக்கும். மாட்டுக்குத் தண்டவாளச் சட்டம் தெரியாது, மாட்டுக்காரருக்குத் தெரிந்தாலும் தெரியாது.

ஆனால் கடற்கரையிலிருந்த மீனவர் குப்பமான நொச்சிக்குப்பத்துக்கு டிராம் வரவில்லை. மயிலாப்பூர் வரை வந்த தண்டவாளத்துக்கு, சாந்தோமைத் தாண்டி அந்த மணலுக்கு வருவதற்கு மனமில்லை. மயிலாப்பூர் வக்கீல் ஹைகோர்ட்டுக்குப் போக வேண்டும், குமாஸ்தா ஜார்ஜ் டவுனுக்குப் போக வேண்டும். அவர்களுக்குக் காசு உண்டு, கையில் காகிதக் கட்டு மட்டும்தான் சுமை. கட்டுமரத்தில் விடியலுக்கு முன் போய் வெயில் ஏறுவதற்குள் திரும்புகிறவனுக்கு எந்த ஆபீஸ்? அவன் கொண்டுவந்த மீனைத் தலையில் வைத்துக்கொண்டு மாட வீதிப் பக்கம் போகிற அவன் பெண்டாட்டிக்கு டிராம் உபயோகப்பட்டிருக்கும். ஆனால் மயிலாப்பூர் டிராமில், மடிசார் மாமிக்கும் மடிசஞ்சி மாமாவுக்கும் நடுவே, தண்ணீர் சொட்டும் ஒரு கூடை காணாங்கத்தை! வண்டி மவுண்ட் ரோடு போவதற்குள் இரண்டு தடவை காலியாகி இருக்கும். கம்பெனிக்குக் கூட்ட நெரிசலைத் தீர்க்க அதைவிட மலிவான வழி கிடைத்திருக்காது என்பது என் கட்சி.

தொழிலாளர் கதை தனி. 1918 ஏப்ரலில் பி.பி. வாடியாவும் திரு.வி.க.வும் சேர்ந்து பின்னி மில் தொழிலாளர்களுக்காக மெட்ராஸ் லேபர் யூனியனைத் தொடங்கிய பின், அந்த மில்லின் காற்று டிராம் ஷெட்டிலும் வீசியது. டிராம்காரர்களும் சங்கம் வைத்தார்கள். கடலுக்கு அந்தப் பக்கம் கொழும்பில் 1929இல் ஏ.ஈ. குணசிங்கவின் பின்னால் நின்று டிராம் தொழிலாளர்கள் செய்த வேலைநிறுத்தம் அந்தத் தீவின் தொழிற்சங்க வரலாற்றில் பெரிய அத்தியாயம். டிராம்காரன் வேலையை நிறுத்தினால் ஊரும் நிற்கும். தண்டவாளத்தில் ஓடும் வண்டியில் இருக்கும் வசதி அது, முன்னால் நிற்கும் ஒரு வண்டி பின்னால் வரும் அத்தனையையும் நிறுத்திவிடும்.

பிறகு போட்டி வந்தது. 1931இல் கடற்கரை–தாம்பரம் மின்சார ரயில். அதற்குப் பின் தண்டவாளமே வேண்டாம் என்று மாட்டைச் சுற்றிக்கொண்டு போகத் தெரிந்த பஸ். 1947இல் டிராமுக்குச் சொந்தக்காரனைப் போலிருந்த மின்சாரக் கம்பெனியை அரசாங்கம் எடுத்துக்கொண்டது. டிராமை மட்டும் யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. கம்பெனி கையை விரித்தது. 1953 ஏப்ரல் 12ஆம் தேதியோடு மெட்ராஸ் டிராமின் கதை முடிந்தது. தமிழ்ப் புத்தாண்டுக்கு ஓரிரு நாள் இருந்தது. அதுவரை இழுத்துப் பிடித்திருந்தால் மாங்காய்ப் பச்சடியாவது சாப்பிட்டிருக்கலாம்.

ராஜாஜிதான் அப்போது முதலமைச்சர். அவரைக் குறை சொல்வதற்கு முன் அவர் மேஜையையும் பார்க்க வேண்டும். நாலு மாசத்துக்கு முன்புதான், டிசம்பரில், இதே மயிலாப்பூரில் ராயப்பேட்டை நெடுஞ்சாலையில் ஒரு வீட்டில் ஆந்திர மாநிலம் கேட்டு உண்ணாவிரதம் இருந்த பொட்டி ஸ்ரீராமுலு உயிர்விட்டிருந்தார். மெட்ராஸ் யாருக்கு என்பதே வழக்கில் கிடந்தது. ஊரே நமக்கா அவர்களுக்கா என்று சண்டை நடக்கும்போது ஊருக்குள் ஓடும் டிராம் யாருக்கு வேண்டும்?

அதே 1953இல், இரண்டு மூன்று மாசம் கழித்து, கல்கத்தாவில் டிராம் கட்டணத்தை ஒரு பைசா கூட்டினார்கள். ஒரே ஒரு பைசா. ஊர் பற்றி எரிந்தது. டிராம்களைக் கொளுத்தினார்கள், துப்பாக்கிச் சூடு நடந்தது, ஆயிரக்கணக்கானோர் சிறைக்குப் போனார்கள், கடைசியில் உயர்வு நின்றது. மறுவருஷம் ஜீவனானந்த தாஸ் என்ற மகாகவி டிராம் மோதி இறந்தார். வங்காளி டிராமுக்காகச் செத்தான், டிராமாலும் செத்தான். இங்கே முழு டிராமையும் தூக்கிக்கொண்டு போனார்கள். மெட்ராஸ்காரன், "அப்படியா? சரி, பஸ் எத்தனை மணிக்கு?" என்றான். இதை நான் குறையாகச் சொல்லவில்லை. ஒரு வண்டியின் மேல் காவியமெல்லாம் எழுதாமல் அடுத்த வண்டிக்கு நிற்பதும் ஒரு நாகரிகம்தான். அப்படி உருகி உருகிக் காதலித்த கல்கத்தாவிலும், 2024இல் ஒரு பாதையை மட்டும் ஞாபகார்த்தமாக வைத்துக்கொண்டு மற்றதை நிறுத்தப் போவதாக அரசாங்கம் அறிவித்துவிட்டது.

எனக்குப் புரியாத கணக்கு வேறு ஒன்று. மின்சாரத்தில் ஓடிய டிராம் 1953இல் போயிற்று. மனுஷனை மனுஷன் இழுத்த கை ரிக்‌ஷா 1973 வரை இருந்தது. கருணாநிதி ஆட்சியில்தான் அதை ஒழித்து சைக்கிள் ரிக்‌ஷா கொடுத்தார்கள். இந்தியாவிலேயே முன்னோடி என்று மார்தட்டிய ஊரில், தண்டவாளத்தைப் பெயர்த்த பிறகும் இருபது வருஷம் மாம்பலத்து மாமாவை ஓர் ஏழை வெறுங்காலோடு இழுத்துக்கொண்டு ஓடினான். முன்னேற்றம் நம் ஊரில் இப்படித்தான், முன்பக்கம் ஒரு கால், பின்பக்கம் ஒரு கால்.

டிராமின் மிச்சம் எங்கே என்று கேட்பவர்கள் வேப்பேரிக்குப் போகலாம். அங்கிருந்த டிராம் ஷெட் இடத்தைப் பெரியார் வாங்கினார். இன்றைய பெரியார் திடல் அதுதான். நல்ல நாள் பார்க்காமல் வெயிலில் ஆரம்பித்த வண்டியின் இடம், நாளும் கோளும் பார்க்காதவரிடம் போய்ச் சேர்ந்ததில் ஒரு பொருத்தம் இருக்கிறது. மற்றபடி 2010இல் 'மதராசபட்டினம்' படத்துக்காக டிராமைத் திரும்பக் கட்டினார்கள், அதில் ஆர்யாவும் எமி ஜாக்சனும் இருந்ததால் வண்டியை யாரும் சரியாகப் பார்க்கவில்லை.

சரியாக நூறு வருஷம் கழித்து, 1995 நவம்பரில், கடற்கரையிலிருந்து சேப்பாக்கம் வரை பறக்கும் ரயில் வந்தது. இந்தத் தடவை ஜாக்கிரதையாக மழைமாதத்தில் ஆரம்பித்தார்கள். பள்ளம் வேண்டாம் என்று பக்கிங்ஹாம் கால்வாயின் தலைக்கு மேலே தூணை நட்டு உயரத்தில் ஓட்டினார்கள். தண்ணீர் ஏறவில்லை. ரொம்ப நாளைக்கு ஜனமும் ஏறவில்லை.

இப்போது மறுபடியும் பள்ளம். மெட்ரோவின் இரண்டாம் கட்டத்தில் கலங்கரை விளக்கத்திலிருந்து பூந்தமல்லி வரை ஒரு பாதை. 2023இல் 'பிளமிங்கோ' என்று பெயர் வைத்த துளைப்பு எந்திரத்தைக் கலங்கரை விளக்கத்துப் பக்கம் இறக்கினார்கள். அது கச்சேரி ரோட்டின் அடிவயிற்றைக் குடைந்துகொண்டு திருமயிலையை நோக்கிப் போனது. 130 வருஷத்துக்கு முன்னால் மின்கம்பியை மட்டும் புதைத்துக் கெட்டவர்கள், இப்போது ரயிலையே புதைக்கிறார்கள். பயப்பட வேண்டாம், இந்தத் தடவை ஐப்பசியைக் கேட்டுவிட்டார்கள். நிலைய வாசல்களைத் தெருமட்டத்துக்கு மேலே படியேற்றிக் கட்டுகிறார்கள், பம்புகளும் உண்டு.

அப்படியாக, டிராம் எட்டிப் பார்க்காத நொச்சிக்குப்பத்துக்குப் பக்கத்திலேயே மெட்ரோ வருகிறது. குப்பமும் இதற்குள் மாறிவிட்டது. லூப் ரோட்டில் மீன் விற்றது போக்குவரத்துக்கு இடைஞ்சல் என்று 2023இல் ஹைகோர்ட் தானாகவே வழக்கை எடுத்தது, 2024 ஆகஸ்டில் புது மீன் அங்காடி திறந்தது. அங்கே வஞ்சிரம் நறுக்கிக்கொண்டிருந்த அக்காவிடம் மெட்ரோ வரப்போவதைப் பற்றிக் குஷியாகச் சொன்னேன். கத்தியை நிறுத்தவில்லை.

"கூடைய உள்ள வுடுவானா நைனா?"

"அதெல்லாம் விடமாட்டாங்கன்னு நினைக்கிறேன், அக்கா."

"அப்ப அது ஒனுக்கு" என்று வெளியே கையைக் காட்டினார்.

வெளியே நின்றது ஒரு மீன்பாடி வண்டி. மூன்று சக்கரம், முன்னால் ஒரு பலகைத் தொட்டி, எவனோ தலைமுழுகிய பழைய ஸ்கூட்டரின் எஞ்சின். இதற்குக் கம்பெனி கிடையாது, திறப்பு விழா கிடையாது. பிடித்தார்கள், அபராதம் போட்டார்கள், ஒழித்தே தீருவோம் என்றார்கள். முழங்கால் தண்ணீரிலும் புகையைக் கக்கிக்கொண்டு போய்க்கொண்டுதான் இருக்கிறது. தண்ணீர் எஞ்சினுக்கு மேலே ஏறிவிட்டால், ஓட்டுகிறவர் இறங்கித் தள்ளிக்கொண்டு போவார்.