டயலில் காணாமல் போன அரை மணி

இந்த இதழுக்கு வேர்ல்டு டைம் வாட்ச் பற்றிய கேள்விகளை மட்டும் எடுத்துக்கொண்டேன். எனக்குப் பிடித்த விஷயம் என்பதுதான் காரணம்.

போனைத் தட்டினால் எந்த ஊர் நேரமும் தெரிகிறது. பிறகு எதற்கு வேர்ல்டு டைம் வாட்ச்? (காரைக்குடி வாசகர்)

போன் நீங்கள் கேட்ட ஊரின் நேரத்தைச் சொல்லும். இந்த வாட்ச் கேட்காத ஊர்களின் நேரத்தையும் சேர்த்துக் காட்டும். டொராண்டோவில் மகள், துபாயில் மாப்பிள்ளை, சிட்னியில் தம்பி என்று சிதறிக் கிடக்கும் குடும்பத்தில், யார் தூங்குகிறார்கள், யார் வேலைக்குக் கிளம்புகிறார்கள் என்பது மணிக்கட்டைத் திருப்பினாலே தெரிந்துவிடும். அந்த நெருக்கத்தைத்தான் காசு கொடுத்து வாங்குகிறோம்.

இத்தனை ஊர் நேரத்தையும் ஒரே இயந்திரம் எப்படிக் காட்டுகிறது? உள்ளே இருபத்து நாலு வாட்சா இருக்கிறது? (கோவை மாணவி)

ஒரே ஒரு வாட்ச்தான். அதுதான் இதில் அழகு. நடுவில் வழக்கமான மணி முள்ளும் நிமிட முள்ளும் நம் ஊர் நேரத்தைக் காட்டும். அவற்றைச் சுற்றி 1 முதல் 24 வரை எண்கள் போட்ட ஒரு வளையம். அது நாளுக்கு ஒரு சுற்று, முட்களுக்கு எதிர்த்திசையில், மெல்ல நகரும். அதற்கும் வெளியே ஊர்ப் பெயர்கள் எழுதிய வளையம். நம் ஊரை 12 மணி இடத்துக்குக் கொண்டுவந்து நேரத்தைச் சரியாக வைத்துவிட்டால் போதும். எந்த ஊரின் எதிரே எந்த எண் நிற்கிறதோ அதுதான் அங்கே மணி. நிமிடம் எல்லா ஊருக்கும் பொது. இரவு எண்களுக்குப் பின்னால் கருநிறம் பூசியிருப்பதால் எங்கே பகல், எங்கே இரவு என்பதும் தெரியும்.

இதை 1931-இல் ஜெனீவாவில் உருவாக்கியவர் லூயி கோத்தியே. வாஷெரோன் கான்ஸ்டன்டின், படேக் பிலிப், ரோலெக்ஸ் என்று பெரிய நிறுவனங்கள் எல்லாம் அவரிடம் போய் நின்றன. 1966-இல் அவர் மறைந்தார். இன்று ஜெனீவாவில் செய்தாலும் ஜப்பானில் செய்தாலும், முள் வைத்த வேர்ல்டு டைம் வாட்ச் பெரும்பாலும் அவர் போட்ட பாதையில்தான் ஓடுகிறது. தேவையான ஒரு சிக்கலுக்கு இரண்டே வளையத்தில் விடை கண்ட மனிதரை வாட்ச் பிரியர்களுக்கு வெளியே யாருக்கும் தெரியவில்லை என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

ஆசையாக ஒன்று வாங்கினேன். கராச்சி இருக்கிறது, டாக்கா இருக்கிறது. நடுவில் இந்தியாவைக் காணோம். ஏமாந்துவிட்டேனா? (சென்னை, ஐ.டி. ஊழியர்)

கடைக்காரர் ஏமாற்றவில்லை, கணக்குதான் நம்மை விட்டுவிட்டது. வளையத்தில் இருப்பது இருபத்து நாலு இடம், ஒவ்வொன்றும் முழு மணி. நாம் கிரீனிச்சுக்கு ஐந்தரை மணி முன்னால் இருக்கிறோம். ஆப்கானிஸ்தான், ஈரான், மியான்மர் இவற்றுக்கும் இதே கதி. நேபாளம் ஐந்தே முக்கால்; அவர்கள் பாடு இன்னும் மோசம்.

வழி உண்டு. கராச்சியை மேலே வைத்து நம் நேரத்தைப் போடுங்கள். மற்ற ஊர் நேரங்களில் எல்லாம் அரை மணியைக் கழித்துக்கொள்ளுங்கள். நமக்கு இரவு எட்டு என்றால் லண்டன் எதிரே 15 நிற்கும். உண்மையில் அங்கே பிற்பகல் இரண்டரை. டாக்காவை மேலே வைத்தால் அரை மணியைக் கூட்ட வேண்டும். இது மனக்கணக்குதான். ஆனால் மனக்கணக்கு வேண்டாம் என்றுதானே இந்த வாட்சை வாங்கினோம்? நூற்று நாற்பது கோடிக்கும் மேற்பட்டவர்களின் நேரத்துக்கு இடமில்லாத டயலுக்கு ‘உலக நேரம்’ என்ற பெயர் பொருந்தாது என்பதே என் கருத்து. செய்ய முடியாத வேலையும் அல்ல அது. வாஷெரோன் கான்ஸ்டன்டின் 2011-இலேயே அரை மணி, முக்கால் மணி ஊர்களையும் சேர்த்து 37 நேர மண்டலங்களைக் காட்டும் வாட்சைச் செய்து காட்டிவிட்டது.

இந்த அரை மணி நம் தலையில் எப்படி வந்து விழுந்தது? (திருச்சி வாசகர்)

இரண்டு கரைக்கும் நடுவில் நிற்கப் பார்த்ததால். ரயில் வந்த காலத்தில் பம்பாய்க்கு ஒரு நேரம், கல்கத்தாவுக்கு ஒரு நேரம். இரண்டுக்கும் இடையில் இருந்ததால் ரயில்வே எடுத்துக்கொண்டது மெட்ராஸ் நேரத்தை. நுங்கம்பாக்கம் வானாய்வகம் கணித்துத் தந்த அது, கிரீனிச்சைவிட 5 மணி 21 நிமிடம் 14 வினாடி முன்னால். 1906 ஜனவரி 1 முதல் 82½ பாகைத் தீர்க்கரேகையை வைத்து நாடு முழுவதற்கும் ஐந்தரை என்று தீர்மானித்தார்கள். கல்கத்தா 1948 வரையும் பம்பாய் 1955 வரையும் தங்கள் பழைய நேரத்தை விடாமல் வைத்திருந்தன. மெட்ராஸ் அதிகம் சண்டை போடவில்லை. ஒன்பது நிமிடத்துக்குக் குறைவான வித்தியாசத்துக்கு என்ன சண்டை!

எங்கள் பக்கம் ஒரே தீவில் இரண்டு நேரம் இருந்ததே, அதை எந்த வாட்ச் காட்டும்? (கிளிநொச்சி வாசகர்)

எதுவும் காட்டாது, ஐயா. 1996 மே மாதம் மின்தட்டுப்பாட்டைச் சொல்லி இலங்கை அரசு நேரத்தை ஆறரைக்குத் தள்ளியது. அதே ஆண்டு அக்டோபரில் ஆறாக்கியது. 2006 ஏப்ரலில் பழையபடி ஐந்தரைக்கே திரும்பியது. புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த பகுதிகள் 1996 மாற்றத்தை ஏற்காமல் பழைய நேரத்திலேயே நின்றன. கொழும்பில் ஆறு மணி, வன்னியில் ஐந்தரை. நேரம் என்பது சூரியன் மட்டும் போடும் கணக்கல்ல, ஆட்சியும் சேர்ந்து போடுவது என்பதை உங்கள் ஊர்க்காரர்களுக்கு நான் சொல்லித் தரத் தேவையில்லை. ஊர்ப் பெயரை அழியாத மையில் அச்சடிக்கும் வாட்ச் இந்த இடத்தில்தான் தோற்கிறது.

சிங்கப்பூரும் ஒரு காலத்தில் அரை மணி ஊராமே? (சிங்கப்பூர் வாசகி)

ஆமாம், 1981 முடியும் வரை ஏழரை. மலேசியா தன் கிழக்கு, மேற்குப் பகுதிகளுக்கு ஒரே நேரம் வைத்தபோது, 1982 ஜனவரி 1 முதல் நீங்களும் சேர்ந்து எட்டுக்குப் போனீர்கள். டயலில் இடமும் கிடைத்தது.

லண்டனில் இருக்கும் மகனை வாட்சைப் பார்த்துத்தான் அழைத்தேன். ஒரு மணி நேரம் தப்பாகிவிட்டது. ரிப்பேருக்குக் கொடுக்கவா? (மதுரை, ஓய்வுபெற்ற ஆசிரியை)

வேண்டாம் அம்மா, வாட்ச் நன்றாகத்தான் இருக்கிறது. மார்ச் கடைசி ஞாயிறு முதல் அக்டோபர் கடைசி ஞாயிறு வரை பிரிட்டன் கடிகாரத்தை ஒரு மணி முன்னால் தள்ளி வைக்கிறது. நமக்கும் அவர்களுக்கும் ஐந்தரை மணி இடைவெளி நாலரை ஆகிவிடும். வளையத்துக்கு இந்தச் சட்டம் தெரியாது. அமெரிக்கா மாறும் தேதி வேறு: மார்ச் இரண்டாம் ஞாயிறு, நவம்பர் முதல் ஞாயிறு. ஆஸ்திரேலியாவில் சிட்னி மாறும், பிரிஸ்பேன் மாறாது. கோடை மாதங்களில் லண்டனுக்குப் பதில் பாரிஸ் என்ற பெயருக்கு எதிரே உள்ள எண்ணைப் பாருங்கள், சரியாக வரும். இந்த வாட்சின் மிகப் பெரிய குறை இதுதான். விமானத்துக்கும் இன்டர்வியூவுக்கும் போனை நம்புங்கள்.

நல்லதாக ஒன்று வாங்க எவ்வளவு ஆகும்? (ஈரோடு வாசகர்)

படேக் பிலிப் 1953-இல் செய்த 2523 வகையில் ஒன்று, நீல எனாமல் டயல், 2019-இல் ஹாங்காங் ஏலத்தில் 7 கோடி ஹாங்காங் டாலருக்கு மேல் போனது. இன்னொரு முனையில் கேசியோ ஏ.இ.-1200. பிளாஸ்டிக் உடல், பத்தாண்டு பேட்டரி, 48 ஊர், 31 நேர மண்டலம். டெல்லி உண்டு, காத்மாண்டு உண்டு, கோடை நேரத்தை ஊருக்கு ஊர் போடவும் எடுக்கவும் வழி உண்டு. சில ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும். உபயோகத்துக்கு என்றால் எனக்கு இரண்டாவதுதான் மேல், தயங்காமல் சொல்கிறேன். கோத்தியேயின் வளையம் சுற்றும் அழகைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும் என்றால் முள் வைத்ததை வாங்குங்கள். வாங்கும்முன் கண்ணாடி இல்லாமல் ஊர்ப் பெயர்களைப் படித்துப் பாருங்கள். நாற்பதைத் தாண்டியவர்களுக்கு அந்த எழுத்து எறும்பு வரிசைதான்.

சாதாரண வாட்சைத் தலைகீழாகப் பிடித்தால் லண்டன் நேரம் தெரியுமாமே? (வேலூர் வாசகர்)

தெரியும், அங்கே கோடை நேரம் இல்லாத மாதங்களில். எண்களை மறந்துவிட்டு முட்களை மட்டும் பாருங்கள். நமக்கு எட்டு மணி. தலைகீழாகத் திருப்பினால் மணி முள் 2 இருக்கும் இடத்திலும் நிமிட முள் 6 இருக்கும் இடத்திலும் நிற்கும். லண்டனில் இரண்டரை. நம் நேரம் அரையைத் தாண்டியிருந்தால் மணி முள்ளுக்கு அடுத்த எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். டயலில் நம்மைத் தவிக்கவிட்ட அதே ஐந்தரை செய்யும் உதவி இது. செலவில்லை.

இந்த வாட்ச் வெளியூர்த் தேதியைக் காட்டுமா? பிறந்தநாள் வாழ்த்து சொல்ல வேண்டியிருக்கிறது. (தஞ்சாவூர் வாசகி)

பெரும்பாலும் காட்டாது. காட்டினாலும் நீங்கள் இருக்கும் ஊரின் தேதியைத்தான். வளையத்தில் ஆக்லாந்தும் ஹோனலூலுவும் கிட்டத்தட்டப் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும், சில சமயம் இரண்டிலும் விடிகாலை என்று காட்டும். ஆனால் இடையில் தேதிக்கோடு ஓடுவதால் ஒன்றில் புதன் என்றால் மற்றதில் செவ்வாய். பிறந்தநாள்காரர் ஆக்லாந்தில் இருந்தால் முந்தின நாள் மாலை ஐந்தரைக்கே (அங்கே கோடை நேரம் ஓடும் மாதங்களில் நாலரைக்கே) முதல் ஆளாக வாழ்த்திவிடலாம். ஹோனலூலுவில் இருந்தால் பிறந்தநாளன்று பிற்பகல் மூன்றரை வரை பொறுத்திருங்கள்.