சொல்லி அனுப்பும் பெருமக்கள்

நேர்காணல் குழுப் பெருமக்களே, உங்கள் கருணைக்கு அளவில்லை. மன்னவனூர்ப் பிள்ளை விடியுமுன் எழுந்து, கொடைக்கானலில் பஸ் மாறி, பனிக்குள் மலையிறங்கி, வத்தலக்குண்டு தாண்டி மதுரைக்கு வருகிறான். கொண்டை ஊசி வளைவுகளில் குடல் புரண்டு வந்தவன் சற்று ஆறட்டுமே என்றுதானே, பத்து மணிக்கு வரச் சொன்னவனை மூன்று மணிக்குக் கூப்பிடுகிறீர்கள்? பெற்ற தாய்க்குக்கூட இந்த நினைப்பு வராது.

கேள்வி கேட்கும் நயமோ அதைவிடப் பெரிது. விண்ணப்பத்தைப் புரட்டியதும் "கொடைக்கானலா?" என்று முகம் மலர்கிறீர்கள். குறிஞ்சி மறுபடி எப்போது பூக்கும்? 2018இல் பூத்தது, இனி 2030 என்கிறான். இ-பாஸ் எப்படி எடுப்பது? 2024 மே 7 முதல் உள்ள நடைமுறையை விளக்குகிறான். எந்த மாதம் வந்தால் ரூம் வாடகை குறையும்? அதையும் சொல்கிறான். உங்கள் கோடை விடுமுறையை ஒழுங்கு செய்து முடித்தபின், எழுந்திருக்கப் போகிறவனை நிறுத்தி, இன்புட் டாக்ஸ் கிரெடிட் பற்றி ஒரு கேள்வி. தடுமாறுகிறான். அந்த ஒரு தடுமாற்றத்தில் அவன் தகுதி முழுவதையும் அளந்துவிடுகிறீர்கள். கொடைக்கானல் வானாய்வகத்தில் 1901 முதல் ஒரே சூரியனைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். இன்னும் பார்த்து முடியவில்லையாம். உங்களுக்குப் பத்து நிமிடம் போதுகிறது.

பிறகு அந்த அருள்வாக்கு: "சொல்லி அனுப்புகிறோம்." இல்லை என்று சொன்னால் பிள்ளை மனம் நோகுமே! ஆகவே எதுவுமே சொல்வதில்லை. குறிஞ்சிக்காவது பன்னிரண்டு ஆண்டு என்று ஒரு கெடு உண்டு.

இந்தப் பக்குவம் முன்னோர்க்கு வாய்க்கவில்லை. 1910இல் திருக்கோவிலூரில் துணை ஆட்சியராக இருந்த வி. ராமசாமி ஐயரிடம் ராமானுஜன் எழுத்தர் வேலை கேட்டுப் போனார். அவர் பாவம், வந்தவரின் கணக்கு நோட்டைத் திறந்து பார்த்துத் தொலைத்தார். இப்படிப்பட்டவரைத் தாலுகா ஆபீசில் முடக்கக் கூடாது என்று வேலை மறுத்தார். மறுத்ததோடு நில்லாமல், சென்னையில் பார்க்க வேண்டியவர்களுக்குக் கடிதமும் கொடுத்தார். வாசலைக் காட்டியவர் அடுத்த வாசலையும் காட்டியது எவ்வளவு பெரிய நிர்வாகத் தவறு! அதன் விளைவு, ராமானுஜன் தட்டிக்கொண்டே போனார். 1912 மார்ச்சில் துறைமுகத்தில் 30 ரூபாய்ச் சம்பளம். 1913 பிப்ரவரியில், கொடைக்கானல் உட்பட வானாய்வகங்களுக்கெல்லாம் தலைவரான கில்பர்ட் வாக்கர் அந்தக் கணக்குகளைப் பார்த்துவிட்டுப் பல்கலைக்கழகத்துக்கு எழுதினார். மாதம் 75 ரூபாய் உதவித்தொகை வந்தது. அவருக்கும் அதே கெட்ட வழக்கம், வந்தவன் என்ன செய்திருக்கிறான் என்று பார்ப்பது.

உங்கள் அருமை மத்திய அரசுக்கும் தெரியவில்லை. குரூப் சி பணிகளுக்கும் அரசிதழ்ப் பதிவு பெறாத குரூப் பி பணிகளுக்கும் 2016 ஜனவரி 1 முதல் நேர்காணலையே எடுத்துவிட்டது. நன்றிகெட்ட உலகம்!

ஆனால் உங்கள் தொண்டு வீண்போகாது. திரும்பும் பஸ்ஸில், டம் டம் பாறை வருவதற்குள், தடுமாறிய கேள்வியைப் பையன் எழுதி வைத்துக்கொண்டான். வீடு சேர்ந்ததும் அதற்குப் பதில் படித்தான். எதில் குறைந்தேன் என்று கேட்டு உங்களுக்கு மின்னஞ்சலும் போட்டான். மௌனம் கலையாத உங்கள் தவத்தைப் பார்த்து, வேறு இடத்துக்கு விண்ணப்பித்தான். எல்லாம் நீங்கள் கற்றுக் கொடுத்ததுதான்.

கொடைக்கானல் மலைத்தொடரின் வழக்கமும் அப்படி. பழனியில் நிற்பவர் உலகையே சுற்றி வந்தும் பழம் கிடைக்காதவர். கோபித்துக்கொண்டு வந்தவரைத் தேடி, போட்டி வைத்த அம்மையப்பரே வந்து சமாதானம் சொன்னார்கள் என்கிறது தலபுராணம். உங்களுக்கு அந்தச் சிரமம் வேண்டாம். நீங்கள் எடுத்த ஆள் ஓடிப்போனதும், பழைய விண்ணப்பங்களைக் கிளறி, ஒருநாள் பையனுக்குப் போன் செய்வீர்கள். அப்போது அவன் வேறு வேலையில் இருப்பான். எடுத்தெறிந்து பேசமாட்டான், உங்களிடம் மரியாதை கற்றவன். "சொல்லி அனுப்புகிறேன் சார்" என்பான்.