இயற்கை நடையர் இலக்கணம்

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து ஏரிகள் நிறைந்திருக்கும் மாதங்களில், ஞாயிறுதோறும் கோழி கூவுமுன் எழுந்து, யாருடைய உறக்கத்தையும் கலைக்காமல் கிளம்புவதாக எண்ணிக்கொண்டு வீட்டிலுள்ள அனைவரையும் எழுப்பிவிட்டுப் புறப்படும் ஒரு மனித வகை சென்னையிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் அண்மைக் காலத்தில் பெருகியுள்ளது. இவ்வகையினரை இயற்கை நடையர் என்று குறிப்பிடலாம். இயற்கை நடை என்பது மலையேற்றம் அன்று. கயிறு, கூடாரம், உயிரைப் பணயம் வைத்தல் ஆகிய எவற்றுக்கும் அதில் இடமில்லை. புதர்க்காடு, வயல்வரப்பு, ஏரிக்கரை போன்ற சமதளங்களில் இரண்டு மூன்று கிலோமீட்டர் தொலைவை, மூட்டு தேய்ந்தவரும் எளிதாக முந்திச் செல்லும் வேகத்தில், செடிகொடிகளையும் பறவைகளையும் பார்த்தபடி கடப்பதே இயற்கை நடை. உடல் எடையைக் குறைக்க நடப்பவர் நிற்காமல் நடக்க முயல்கிறார். இயற்கை நடையரோ நிற்பதற்கென்றே நடக்கிறார். ஆகவே அவருடைய எடை குறைந்ததாகச் சான்று எதுவும் கிடைக்கவில்லை.

பழந்தமிழ் இலக்கணம் ஒரு நிலத்து வாழ்வை முதல், கரு, உரி என்று பகுத்து நோக்கும். முதற்பொருள் என்பது நிலமும் பொழுதும். கருப்பொருள் என்பது அந்நிலத்துக்குரிய உணவு, மரம், புள், தொழில் முதலியன. உரிப்பொருள் என்பது அங்கு வாழ்வோரின் மனநிலை. இந்த அளவுகோலால் இயற்கை நடையரை அளப்பதில் தொல்காப்பியருக்கு மறுப்பு இருக்க வாய்ப்பில்லை. வைகறையையும் விடியலையும் அவர் மருத நிலத்துக்குரிய பொழுதுகளாக வகுத்தார். அவ்விதியை உழவர்களுக்கு அடுத்தபடியாக இன்றும் கடைப்பிடிப்போர் இவர்களே. வாரத்தின் மற்ற ஆறு நாள்களில் இவர்கள் எட்டு மணிக்கு எழுவதைப் புறனடையாக, அதாவது பொதுவிதிக்கு உட்படாதவற்றையும் ஏற்றுக்கொள்ளும் துணைவிதியாக, கொள்வதே பெருந்தன்மை.

நடையரின் தோற்றத்தில் முதலில் கண்ணைக் கவர்வது ஆயத்தம். முழங்காலில் ஜிப் வைத்து வேண்டும்போது பாதியாகக் கழற்றக்கூடிய காற்சட்டை, எதை எதில் வைத்தோம் என்பது மறந்துபோகும் அளவுக்குப் பைகள் தைத்த மேலங்கி, கழுத்தை மறைக்கும் துணி தொங்கும் தொப்பி ஆகியவற்றோடு, சிலர் அட்டை ஏறாதிருக்கத் தடித்த துணியில் தைத்த காலுறையையும் முழங்கால்வரை இழுத்துக் கட்டியிருப்பர். அட்டைப்பூச்சி மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈரக்காடுகளுக்கு உரியது. செங்கல்பட்டு மாவட்டத்து ஏரிக்கரையில் ஓர் அட்டை நடையரின் காலைத் தேடி வர வேண்டுமானால் அதுவும் வால்பாறையிலிருந்து பேருந்து பிடித்துத்தான் வர வேண்டும். ஆனால் இந்தக் காலுறையின் பயன் வேறு. நாயுருவிச் செடியின் காய்கள் தண்டில் தலைகீழாகப் படிந்து, ஊசிபோன்ற செதில்களை நீட்டியபடி, உரசிச் செல்லும் துணியில் தொற்றிக்கொள்வதற்கென்றே காத்திருப்பவை. நடை முடிந்ததும் காலுறையில் அவை வரிசையாகக் குத்தியிருக்கும். ஒவ்வொன்றாகப் பிடுங்கி அதே இடத்தில் போட்டுவிட்டு எழும் நடையர், விதை பரப்பும் தொழிலில் ஆட்டுக்கு இணையான பணியைத் தாம் செய்து முடித்ததை உணர்வதில்லை.

கழுத்தில் தொங்கும் பைனாகுலரைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். அதன்மேல் எட்டு பெருக்கல் நாற்பத்திரண்டு என்பதுபோல் இரண்டு எண்கள் பொறிக்கப்பட்டிருக்கும். முதல் எண் காட்சியை எத்தனை மடங்கு பெரிதாக்கும் என்பதையும், இரண்டாவது எண் முன்பக்க லென்ஸின் விட்டத்தை மில்லிமீட்டரிலும் குறிக்கும். எண் பெரிதானால் பறவையும் பெரிதாகும் என்று நம்பிப் பத்து மடங்குக் கருவியை வாங்கும் புதுமுக நடையர், பெருக்கம் கூடும்போது கைநடுக்கமும் சேர்ந்து பெருகும், பார்வைப் பரப்பும் சுருங்கும் என்பதைக் களத்தில்தான் கற்கிறார். "அதோ, அந்த ரெண்டாவது கிளையில, இடது பக்கமா, இலைக்குப் பின்னால" என்று அனுபவசாலி காட்டும்போது, புதியவரின் கருவிக்குள் முதலில் மேகம், பிறகு வேறொரு மரம், அதன்பின் பக்கத்தில் நிற்பவரின் காது ஆகியவை மிகத் துல்லியமாகத் தெரியும். பறவை பறந்தபின் "பார்த்தேன், பார்த்தேன்" என்று அவர் சொல்வது பொய்யன்று, நாகரிகம்.

நிலத்தால் மனநிலை மாறும் என்ற பழைய கொள்கைக்கு இயற்கை நடையரே நடமாடும் சான்று. முல்லை நிலத்துக்குரிய உரிப்பொருள் இருத்தல், அதாவது பிரிந்தவர் வரும்வரை ஆற்றியிருத்தல். கிண்டி தேசியப் பூங்கா, நன்மங்கலம் காப்புக்காடு போன்ற இடங்களில் எஞ்சியிருப்பது முள்ளும் கொடியும் பின்னிய, உலர் பசுமைமாறாக் காடு என்று அறிஞர் அழைக்கும் குட்டையான புதர்க்காடு. அங்கே நடையர் காத்திருப்பது ஆறுமணிக்குருவிக்காக. இமயமலை அடிவாரக் காடுகள் போன்ற வட பகுதிகளில் குஞ்சு பொரித்துவிட்டுக் குளிர்காலத்தில் தெற்கே வரும் இப்பறவை, விடியலிலும் மாலையிலும் ஆறு மணி வாக்கில் குரல் கொடுப்பதால் அப்பெயர் பெற்றது. வண்ணங்கள் அத்தனையையும் உடம்பில் பூசிக்கொண்டும் சருகுக்குள் கண்ணுக்குத் தெரியாமல் நடமாடும் அதன் திறமையால், கொசுக்கடியைப் பொறுத்துக்கொண்டு நடையர் ஒன்றரை மணி நேரம் ஆற்றியிருக்கிறார். அதே நேரத்தில், அரைத்த மாவும் வாங்கி வராத கணவருக்காக வீட்டில் ஒருவர் ஆற்றியிருக்கிறார்; இலக்கணம் இருபுறமும் நிறைவேறுகிறது.

இவ்வகையினரில் ஒரு சாரார் பொறுமையிழந்து, கைப்பேசியில் அப்பறவையின் குரலை ஒலிக்கவிட்டு அதை வெளியே வரவழைப்பதுண்டு. தன் எல்லைக்குள் எதிரி நுழைந்துவிட்டதாக எண்ணி, இரை தேட வேண்டிய நேரத்தில் அப்பறவை அங்குமிங்கும் பறந்து களைக்கிறது. இதில் நகைப்பதற்கு ஒன்றுமில்லை. நல்ல நடையர் கூட்டங்களில் இப்பழக்கம் உள்ளவரைக் கண்டிப்பதும் உண்டு.

ஈரநிலத்துக்கு வந்தால் நடையர் கலைஞராகிறார். பள்ளிக்கரணைச் சதுப்புநிலம் 2007-இல் காப்புக்காடாக அறிவிக்கப்பட்டு, ஈரானின் ராம்சர் நகரில் 1971-இல் கையெழுத்தான ஈரநில உடன்படிக்கையின் பட்டியலில் 2022-இல் இடம்பெற்றது. அதன் ஒரு பக்கத்தில் பெருங்குடிக் குப்பைமேடு, மற்றப் பக்கங்களில் கண்ணாடி பதித்த மென்பொருள் அலுவலகங்கள், நடுவே வாகனங்கள் விரையும் சாலை. இவற்றுக்கிடையே பூநாரைகள் நிற்கும். நடையர் தரையோடு தரையாகப் படுத்து, மூச்சை அடக்கி எடுக்கும் படத்தில் குப்பையும் கட்டடமும் நறுக்கி நீக்கப்பட்டு, நீரும் நாணலும் இளஞ்சிவப்புச் சிறகும் மட்டும் எஞ்சும், அதைப் பார்க்கும் உறவினர் எந்த நாடு என்று கேட்பார், நடையர் நெகிழ்ந்துபோவார். சென்னையில் வாழ்ந்து, கறுப்பு வெள்ளைப் படங்களையும் கூரிய தமிழ்க் கட்டுரைகளையும் தந்த இயற்கையியலாளர் மா. கிருஷ்ணன் (1912–1996) வெவ்வேறு கருவிகளின் உறுப்புகளை இணைத்துத் தாமே உருவாக்கிய கேமராவைப் பயன்படுத்தினார் என்பதை நடையர் பக்தியோடு எடுத்துரைப்பார். தம்முடைய லென்ஸுக்கான தவணை இன்னும் முடியவில்லை என்பதைச் சொல்லமாட்டார்.

வேடந்தாங்கலில் நடையரின் மேதைமைக்கு ஒரு சிறு தடை உண்டு. ஏறத்தாழ 30 ஹெக்டேர் பரப்புள்ள அந்த ஏரியில், நீரில் நிற்கும் மரங்களின்மேல் நத்தைக்குத்தி நாரை, கரண்டிவாயன், அரிவாள்மூக்கன், வக்கா, பாம்புத்தாரா முதலியன கூடு கட்டுகின்றன. அவற்றின் எச்சம் கலந்த நீர் தழைச்சத்தும் மணிச்சத்தும் மிகுந்து வயலுக்குப் பாய்வதால், உரச்செலவு குறையும் என்ற கணக்கை அறிந்து ஊரார் தலைமுறை தலைமுறையாகப் பறவைகளைக் காத்துவந்தனர். ஆங்கிலச் சிப்பாய்கள் அங்கே வேட்டையாடியபோது அவர்கள் முறையிட்டு, 1798-இல் செங்கல்பட்டுக் கலெக்டராக இருந்த லயோனல் பிளேஸிடம் பாதுகாப்பு உரிமைக்கான கவுல், அதாவது எழுத்துமூல உறுதி, பெற்றனர். இத்தகைய ஊரில் மண்வெட்டியோடு வரும் பெரியவரிடம் பறவைப் பாதுகாப்பின் இன்றியமையாமையை நடையர் விளக்கத் தொடங்கும்போது, உரையாடல் பெரும்பாலும் இவ்வாறு அமைகிறது:

"என்ன சார் பாக்கறீங்க?"

"பறவைங்கள, ஐயா."

"அதான் எதிர்லயே இவ்ளோ இருக்குதே. இன்னும் எத தேடறீங்க?"

இதற்கு நடையரிடம் விடை இல்லாமலில்லை. ஆனால் அதை வெளியே சொல்லக் கூச்சம். அவர் தேடுவது தம் பட்டியலில் இல்லாத பறவையை. கார்னெல் பறவையியல் ஆய்வகமும் ஆடுபான் சங்கமும் 2002-இல் தொடங்கிய இ-பேர்ட் என்னும் இணையத் தொகுப்பில் உலகெங்கும் உள்ளோர் தாம் கண்ட பறவைகளைப் பதிவு செய்கின்றனர்; வாழ்நாளில் முதன்முதலாகக் காணும் இனத்தை ஆர்வலர் 'லைஃபர்' என்பர். ஆயிரம் நாரை எதிரே நின்றாலும் லைஃபர் ஒன்று கிடைக்காத நாள் நடையருக்கு வெறும் நாளே. மேலும் அரிய பறவை எப்போதும் முந்தைய நாள்தான் வந்திருக்கும். அதுவும் மற்றொருவர் கண்ணில்தான் பட்டிருக்கும். மருதத்துக்குரிய ஊடல் இங்கே தலைகாட்டுகிறது. அவ்வாறு கண்டவரோடு நடையர், திரும்பும் வழியில் உள்ள படாளம் கூட்டு ரோட்டு வரை பேசுவதில்லை. அங்கே டீயும் சூடான வடையும் வந்தபின் ஊடல் தணிந்து, "போட்டோல பாத்தா அது சாதா கதிர்க்குருவி மாதிரிதான் சார் இருக்கு" என்ற அளவில் சமாதானம் ஏற்படுகிறது. கருப்பொருளான உணவு உரிப்பொருளைத் திருத்துவதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு உரையாசிரியர்களிடமும் இல்லை.

பட்டியல் பித்து முற்றும் காலம் தை. 2015 முதல் தமிழ்நாட்டுப் பறவை ஆர்வலர்கள் பொங்கலையொட்டிய நான்கு நாள்களில் கணக்கெடுப்பு நடத்துகின்றனர். ஓரிடத்தில் குறைந்தது 15 நிமிடம் நின்று, காகம் மைனா உட்படக் கண்டவற்றையெல்லாம் எண்ணிப் பதிய வேண்டும். கீழே பானை பொங்கும்போது நடையர் மொட்டைமாடியில் கிளிகளை எண்ணிக்கொண்டிருப்பார். குலவைச் சத்தம் கேட்டதும் சில கிளிகள் பறந்துவிட, குடும்பத்தின்மீது வருத்தப்படுவார். ஆயினும் சம்பளமின்றி, கட்டளையின்றி, ஒரே ஏரியை ஆண்டுதோறும் எண்ணும் இந்தப் பொழுதுபோக்காளர்களின் பதிவுகளால்தான் எந்தப் பறவை குறைகிறது என்பதை ஆய்வாளர்கள் இன்று ஓரளவேனும் சொல்ல முடிகிறது. எனவே இவ்வகையினர் பெருகுவதில் தீங்கில்லை. ஏரிக்கரையில் இவரை எதிர்கொள்ளும் வாசகர் "என்ன பறவை சார் அது?" என்று தாராளமாகக் கேட்கலாம், கேட்பதற்கு முன் அரை மணி நேரம் கைவசம் உள்ளதா என்று மட்டும் பார்த்துக்கொள்க.