சப்பாத்துப் பெட்டிக்குள்ள கோழி

மாப்புள, கட்டிலுக்குக் கீழ குனிஞ்சி என்னத்தத் தேடுறீங்க? அந்தச் சப்பாத்துப் பெட்டியத்தானே? அது அங்க இல்ல. குசினிக் கோடிப்புறத்துல இரிக்கி. உள்ளுக்கு வைக்கல் போட்டு புள்ளிக்கோழிய அடை வெச்சிரிக்கேன். எட்டு முட்ட. இண்டையோட பன்னெண்டு நாள். நல்ல பெட்டி மாப்புள, சூடு நிண்டு பிடிக்கிது. பதினெட்டாயிரம் ரூவா குடுத்து வாங்கின சாமான், ஒரு உசிருக்காவது பிரயோசனப்படட்டுமே எண்டுதான்.

கோவிக்காதீங்க. சப்பாத்த நான் பத்திரமா எடுத்து வெச்சிரிக்கேன். மெலியோணும் எண்டு நீங்க அத நாலு நாள் போட்டு நடந்தீங்க. அஞ்சாம் நாள் மழ. ஆறாம் நாள் கால் நோவு. ஏழாம் நாள் கலியாண வீடு. எட்டாம் நாள் என்ட சாய்மனக் கதிரைக்குப் பக்கத்துல வந்து குந்தி, "மோட்டிவேஷன் போயிட்டு மூத்தப்பா" எண்டு சொன்னீங்க. மௌத்து செய்தி சொல்ற மாதிரி ஒரு முகம். எனக்கு அந்தச் சாமான் என்னெண்டு தெரியா. பேத்திக்கிட்டக் கேட்டேன். உங்கட பொஞ்சாதிதானே, டீச்சர், எதுக்கும் விளக்கம் வெச்சிரிப்பா. "அது ஒரு ஆர்வம் மூத்தப்பா, உள்ளுக்குள்ள இருந்து வாறது" எண்டா. எழுவத்தெட்டு வருஷத்துல எனக்கு உள்ளுக்குள்ள இருந்து ஏவறதான் வந்திரிக்கி.

இருவத்தொரு நாள் விடாமச் செஞ்சா எதுவும் பழகிப்போகும் எண்டு யாரோ ஃபோனுக்குள்ள இருந்து சொன்னானாம். நீங்களும் கலண்டர்ல கோடு போட்டீங்க. அந்தக் கணக்குட வேர் எங்க எண்டு பேத்தி தேடி வாசிச்சிக் காட்டினா. அமெரிக்காவுல மெக்ஸ்வெல் மோல்ட்ஸ் எண்டு ஒரு டொக்டர், மூக்கு முகம் திருத்துறவர். 1960ல ஒரு பொஸ்தகம் எழுதினார். வெட்டித் தச்ச புது மூஞ்சி கண்ணாடியில பழகிறதுக்குக் கொறஞ்சது 21 நாள் செல்லும் எண்டு அதுல சொல்லியிரிக்கார். ஆக்கள் என்ன செஞ்சாங்க? மூஞ்சியையும் விட்டுட்டாங்க, கொறஞ்சது எண்டதையும் விட்டுட்டாங்க, 21ஐ மட்டும் தூக்கிக்கொண்டு வந்துட்டாங்க.

21 நாள் கோழிக்குச் சரி மாப்புள. மனிசனுக்கு வேற கணக்கு. லண்டன்ல பிலிப்பா லாலி எண்டவ 96 பேர வெச்சிப் பாத்து 2010ல வெளியிட்ட கணக்குல, ஒரு பழக்கம் ஒட்டிக்கொள்ள நடுத்தரமா 66 நாள் செல்லுதாம். சில பேருக்கு 18லயே ஒட்டுதாம், சில பேருக்கு 254 வரைக்கும் இழுக்குமாம். நீங்க எந்தப் பக்கத்து ஆள் எண்டு நான் சொல்லத் தேவல்ல. ஆனா அதுல ஒரு விசயம் எனக்குப் பிடிச்சீச்சி. நடுவுல ஒரு நாள் தவறினாலும் பெரிசா ஒண்டும் கெடல்லயாம். கோடிப்புறத்துல போய்ப் பாருங்க. அந்தக் கோழியும் ஒரு நாளைக்கி ஒருக்கா எழும்புது, தீன் தின்னுது, மண் குளிக்கிது, திரும்ப வந்து குந்துது. எழும்பிட்டேனே, இனி என்னத்துக்கு எண்டு முட்டய விட்டுட்டு ஓடல்ல. நீங்கதான் ஓடிட்டீங்க.

எனக்கு ஆர்வம் ஒரு நாளும் வந்ததில்ல. எரும வந்தீச்சி. லாகுகலப் பக்கம் பட்டி வெச்சிருந்த காலத்துல, விடிய நான் போகல்ல எண்டா அதுகள் அடுத்தவன்ட வெள்ளாமைக்குள்ள எறங்கிரும். பொழுது ஏறுறத்துக்கு முன்ன, வெள்ளாமைக்குப் பொறுப்பான வட்டவிதான வாசல்ல வந்து நிப்பார். காய்ச்சலோட நடந்தேன், மழையில நடந்தேன், யானைக்குப் பயந்து ஓடியும் இரிக்கேன். அது உங்கட பாசையில கார்டியோ. எனக்கு மனசு இருந்தீச்சா இல்லயா எண்டு எரும ஒரு நாளும் கேக்கல்ல.

லண்டன்ல இன்னொரு சோலியும் நடந்தீச்சி. ஜெரி மொரிஸ் எண்ட டொக்டர் 1953ல மாடி பஸ் ஓட்டுற ட்ரைவர்மாரையும் கொண்டக்டர்மாரையும் வெச்சிப் பாத்தார். ஒரே பஸ், ஒரே ரோட்டு. குந்தின எடத்துல இருந்து ஓட்டினவனுக்கு மாரடைப்பு கூட. நாள் முழுக்கப் படி ஏறி எறங்கினவனுக்குக் கொறைவு. கொண்டக்டர் உடம்பக் கொறைக்கவா ஏறினான்? மேல இரிக்கிறவன் காசு குடுக்காம எறங்கிருவான் எண்டு ஏறினான். அதான் அவன்ட எரும.

உங்கட கையில கட்டியிரிக்கிற கறுப்பு மணிக்கூடு எருமயில்ல மாப்புள. அது சொன்னதக் கேக்கிற ஆட்டுக்குட்டி. ராவு பத்து மணிக்கி டிவிக்கு முன்னால குந்திக்கொண்டு, கைய ஆட்டி ஆட்டி எட்டுக் கணக்கக் கூட்டினத நான் பாத்தேன். வெளிய சொல்லல்ல. பத்தாயிரம் எட்டு எண்டதே 1965ல ஜப்பான்காரன் எட்டு எண்ணுற மீட்டர் ஒண்ட விக்கிறதுக்கு வெச்ச பேராம். 2019ல அமெரிக்காவுல வயசான பொம்புளைகள வெச்சிப் பாத்தா, ஒரு நாளைக்கி 2,700 எட்டு வெச்சவங்களவிட 4,400 எட்டு வெச்சவங்க கூடக் காலம் இருந்தாங்களாம். 7,500க்கு மேல போனாலும் பெரிய வித்தியாசமில்ல. உம்மும்மாமாருக்கு நாலாயிரம் போதும் எண்டா உங்களுக்கும் தொடங்கிறத்துக்குப் போதும். கைய ஆட்டாம நடந்தா.

போன நோன்ப யோசிங்க. மாசம் முழுக்க சஹருக்கு எழும்பினீங்க. ஒரு நாளாவது மோட்டிவேஷன் இல்ல எண்டு சொன்னீங்களா? தெருவே எழும்புது, குசினியில வெளக்கு எரியிது, பள்ளி ஒலிபெருக்கி கூப்புடுது, அதுக்கும் அசையாட்டி மாமி கதவத் தட்டுறா. படுத்துக் கெடக்கத்தான் ஏலா. பகல் முழுக்கப் பசிச்சிருந்துட்டு நோன்பு தொறக்க ஆறு சமோசாவும் நாலு கட்லட்டும் உள்ள போனது வேற கத. பெருநாளுக்கு எடுத்த சேட்டுட பொத்தான் அத எல்லாருக்கும் சொல்லிட்டு.

உல்லைக் கடக்கரைப் பக்கம் போனா அலைக்கி முன்னால கொஞ்ச நேரம் குந்தியிருந்து பாருங்க. வெள்ளக்காரன் அங்க எங்கயோ இருந்து பறந்து வந்து, பலகையில கமுந்து கெடந்து, கையால தண்ணியத் தள்ளுறான், காத்துக் கெடக்கான், உப்புத் தண்ணி குடிக்கிறான். எழும்பி நிக்கிறது கண்ண மூடித் தொறக்கிற நேரம். மிச்சமெல்லாம் விழுகுறதும் காவல் கெடக்கிறதும்தான். 2018ல அங்க பொம்புளைகளும் சேந்து ஒரு கிளப் தொடங்கினாங்க. நாட்டுலயே பொம்புளைகளுக்கெண்டு அதான் முதல் அலைச்சறுக்குக் கிளப். ஷமாலி சஞ்சய எண்ட புள்ள முன்னுக்கு நிண்டா. புள்ள பெத்த தாய்மாரும் அதுக்குள்ள. ஊர் வாய் சும்மா இரிக்குமா? முணுமுணுத்தாங்க. ஒராள் தனிய எண்டா அண்டைக்கே பலகய வீட்டுக் கூரையில ஏத்தியிருப்பா. கரையில நிண்டு "ஏன் வரல்ல?" எண்டு கேக்க நாலு பேர் இரிக்கிறதுதான் விசயம் எண்டு நான் நெனக்கிறேன். உங்களயும் கேக்க ஆள் இரிக்கி மாப்புள. ஆனா நீங்க ஏன் நடக்கல்ல எண்டு கேக்கிறாங்க இல்ல, ஏன் தின்னல்ல எண்டுதான் கேக்கிறாங்க.

மாமிட கதைக்கி வந்துட்டம். கதவ கொஞ்சம் சாத்துங்க.

எங்கட பக்கத்துல வீடு பொம்புளைக்கி. மாப்புள வந்து குந்துறவர். குந்தினவர் மெலிஞ்சா வீட்டுக்காரிக்கி ஊருக்குள்ள மானம் போயிரும். இது தெரியாம நீங்க போன மாசம் "சோறு வேணா மாமி, டயட்" எண்டு சொன்னீங்க. அவட காதுல "உங்கட கை சரியில்ல" எண்டு விழுந்தீச்சி. அண்டு ராவு அழுதா. அடுத்த நாள் ரெண்டு கோழி வெட்டினா. கலியாணத்துக்கு அடுத்த நாள் வட்டிலப்பத்துல ஒரு வாய் வெச்சிட்டு, "மாமி, இப்புடி ஒண்டு நான் தின்னதே இல்ல" எண்டீங்க. அந்த ஒரு சொல்லுக்கு அஞ்சு வருஷமா வட்டி கட்டுறீங்க. வட்டி ஹராம் எண்டு தெரியும்தானே?

வேணா எண்டு சொல்லாதீங்க. மாமிமார் வேணா எண்டதக் கேக்க மாட்டாங்க, நல்லம் எண்டதத்தான் கேப்பாங்க. நாளைக்கி முருங்கக்கீரச் சுண்டல வாயில வெச்ச ஒடன கண்ண மூடுங்க. ரெண்டு தரம் தலைய ஆட்டுங்க. "எங்கட உம்மாவுக்கும் இப்புடி வராது மாமி" எண்டு சொல்லுங்க. உம்மாவுக்குக் கேக்காமச் சொல்லுங்க. ஒரு கிழமைக்குள்ள வல்லார, பொன்னாங்காணி, கங்குங் எண்டு உங்கட பீங்கான் பச்சையாப் போகும், சோத்துக்கு எடம் இரிக்காது. பொரியலப் பாத்தா வாயத் தொறக்காதீங்க, சூர மீன் ஆணத்தப் பாத்தா வாயாரப் புகழுங்க. கலியாண வீட்டுல சவனுக்கு, ஒரே தட்டத்தச் சுத்திக் குந்துற நேரம் மெலிஞ்ச பெடியன் ஒராள்ட பக்கத்துல குந்தி, எறச்சித் துண்ட அவன் பக்கம் தள்ளுங்க. நன்மையும் கெடைக்கும், நல்ல பேரும் கெடைக்கும்.

தேத்தண்ணிக்கு மட்டும் இந்தத் தந்திரம் சரிவராது. ஒரு நாளைக்கி ஆறு கோப்ப, கோப்பைக்கி மூணு கரண்டி சீனி. ஒரு கரண்டி நாலு கிராம் எண்டாலும் 72 கிராம். உலக சுகாதார நிறுவனம் ஒராளுக்கு 50க்குக் கீழ நிப்பாட்டச் சொல்லுது, 25 எண்டா இன்னும் நல்லமாம். அதுக்கு மேல கந்தோர்ல ஒரு சோடா. 2016ல இருந்து போத்தல்ல சிவப்புப் போடுறாங்க, 100 மில்லிலீற்றர்ல 11 கிராமுக்கு மேல சீனி எண்டா சிவப்பு. கொழும்பு ரோட்டுச் சிவப்புக்கு நிக்கிறீங்க, போத்தல் சிவப்புக்கு நிக்கிறீங்க இல்ல. நாட்டுல வளந்த ஆக்கள்ல சீனி வருத்தம் உள்ளவங்க 2018, 2019ல பாத்த கணக்குல 100க்கு 20ஐத் தாண்டிட்டு. உங்களுக்கும் 35 தாண்டிட்டு. ஆஸ்பத்திரியில காசில்லாமப் பாக்கிறாங்க, போய் இரத்தத்தக் காட்டுங்க. ரெண்டு கிழமைக்கி ஒரு தரம் அரைக் கரண்டி கொறைங்க. நாக்கு கழுத மாதிரி, மெல்லமாத் தள்ளினாத் தெரியாம நகரும்.

சரி, எழும்புங்க. இன்னொரு விசயம். சின்னவன்ட பட்டியில இருந்து தயிர்ச்சட்டி வருகுதுதானே? கடக்கரைப் பக்கம் நாலு வீட்டுக்குக் குடுக்கோணும். சுபஹு தொழுது முடிஞ்ச ஒடன எங்கட மாப்புள நடந்து கொண்டுவந்து தருவார் எண்டு நேத்தே சொல்லிட்டேன். நாலாவது வீட்டுக்காரிய உங்களுக்குத் தெரியும். தயிர் பிந்தினா ரோட்டுல நிண்டு உங்கட வாப்பாட பேரச் சொல்லித்தான் கூப்புடுவா.

மோட்டார் சைக்கிளா? சட்டி ஒடையும்.

சப்பாத்தா? கோழி எழும்ப இன்னும் ஒம்பது நாள் இரிக்கி. அது வரைக்கும் செருப்பு போதும்.